காலால் படித்த எழுத்து

என் வயதை ஒத்தவர்களே, உங்கள் வீட்டிலும் கொள்ளுப்பேத்தி இருந்தால் இந்தப் புதுப் பள்ளிக்கூடங்களில் ஒன்றுக்குள் நீங்களும் போயிருப்பீர்கள். தரையெல்லாம் வண்ணக் கட்டம். கட்டத்துக்குக் கட்டம் ஓர் எழுத்து. பிள்ளைகள் அதன்மேல் தத்தித் தத்திக் குதித்து அ, ஆ என்று கத்துகிறார்கள். விளையாட்டாகவே எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறை இது என்று அங்கிருந்த பெண் எனக்கு விளக்கினாள், நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். பேத்தி வந்து, "என்ன பாட்டி, வெயிலா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களிடம் என்றால் சொல்லலாம். உங்களுக்குச் சண்டைக்காலம் தெரியும்.

பட்டணத்தின்மேல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று எல்லோரும் நம்பிய கோடை அது. பட்டணத்திலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலிலும் ஜனங்கள் அண்டா குண்டானோடு திருத்தணியில் வந்து இறங்கினார்கள். ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சம் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. மலையடிவாரத்தில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகைக்கு ஆள் வந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்கு ஒரு டீச்சரம்மா குடிவந்தார். அரக்கோணத்துப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவென்றே தனியாகப் பயிற்சி எடுத்துவிட்டுப் பட்டணத்தில் வேலை பார்த்தவர். கணவர் பட்டாளத்தில். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று ஒரு தகரப் பெட்டியும் குடையுமாக வந்து நின்றார். பெட்டியில் இரண்டு புடவையும், மீதியெல்லாம் எழுத்து எழுதிய அட்டைகளும் இருந்தன.

எங்கள் நைனா மலையேறும் படிக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். கண்வலி தீர்ந்தவர்கள் கண்ணும், கை குணமானவர்கள் கையுமாக வெள்ளித் தகட்டில் வாங்கிப் போய் முருகனுக்குப் போடுவார்கள் அல்லவா, அந்தத் தகடுகள் விற்கும் கடை. கடை நிறையக் கண்ணும் காதும் காலும் நூலில் கோத்துத் தொங்கும். காற்றடித்தால் சலசலக்கும். வேண்டுதல் என்பது எங்கள் வீட்டில் பக்தி மட்டுமில்லை, தொழிலும் அதுதான்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். சோறு சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். தெருக்கோடியில் பாடம் சொன்ன வாத்தியாரிடம் அவளைச் சேர்த்திருந்தார்கள். அங்கே மணலில் எழுத வேண்டும். எழுத்து கோணினால் வாத்தியார் நம் விரலைப் பிடித்து அதே மணலில் வைத்து அழுத்தித் தேய்ப்பார். உங்களில் பலருக்கு அந்த விரல் எரிச்சல் இன்னும் மறந்திருக்காது. அக்காவுக்கு எழுத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் பாவாடையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே வாத்தியாரும் வந்தார்.

"இதும் மண்டையில ஒன்னும் ஏறாது. அடுப்பங்கரையில உட்டுடு. பொண்ணுதானே," என்று நைனாவிடம் சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதோடு அவள் படிப்பு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அக்கா பின்கட்டு முற்றத்தில் பாண்டி ஆடுவாள். கட்டம் கீறி, ஓட்டுச்சில்லை எறிந்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு கட்டம் கட்டமாகத் தத்திப் போகும் ஆட்டம். மணிக்கணக்காக ஆடினாலும் அவளுக்கு மூச்சு வாங்காது. அறை வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த டீச்சரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கோலமாவைக் கையில் எடுத்து, கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

"சில்லு எந்தக் கட்டத்துல விழுதோ அந்த எழுத்தைச் சொல்லணும். அப்புறம்தான் தாண்டணும். சரிங்களா?" என்றார். சின்னப் பிள்ளைகளிடம்கூட அவர் மரியாதையாகத்தான் பேசுவார். எங்களுக்கு அதுவே சிரிப்பாக இருந்தது.

அக்கா ஆட ஆடக் கோலமாவு காலில் ஒட்டி எழுத்து அழிந்துபோகும். அழித்தவள்தான் திரும்ப எழுத வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் அவள் எழுதக் கற்றாள், தன் கால் அழித்ததைத் தன் கையால் திரும்பப் போட்டு. பிறகு வார்த்தைகள் வந்தன. ம-வில் குதித்து, ர-வில் குதித்து, ம்-மில் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் மரம். மத்தியானத்தில் தெருப் பிள்ளைகள் எல்லோர் கழுத்திலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, அரக்கோணத்தில் கூட்ஸ் பெட்டிகளை மாற்றி மாற்றிக் கோப்பது போல எங்களைக் கோத்து விளையாடுவார். ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் படம் பழமாகிவிடும். கழுத்தில் ப தொங்கியதால் நான் பெரும்பாலும் இன்ஜினாக இருந்தேன். கூவத் தெரிந்ததே தவிர எனக்கு அந்த வயதில் ஓர் எழுத்தும் தெரியாது.

ஒருநாள் நைனாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். எதிரே சத்திரத்துச் சுவரில் கரியில் பெரிதாக என்னவோ எழுதியிருந்தது. அக்கா தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள். பாவாடையை இடுப்பில் செருகினாள். ஒரு காலை மடக்கிக்கொண்டு, எழுத்துக்கு ஒரு குதியாகச் சுவரோரம் தத்திக்கொண்டே உரக்கப் படித்தாள். இங்கே வண்டி நிறுத்தக் கூடாது. மலைக்கு வந்திருந்த ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. நைனா கல்லாவை விட்டு ஓடிவந்தார்.

"இன்னொரு தபா படி கண்ணு," என்றார். அவள் இன்னொரு முறை தத்திக்கொண்டு படித்தாள். நைனா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "மண்டையில ஏறாதுன்னானே அந்த ஆளு! வந்து பாக்கச் சொல்லு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அன்று எங்களுக்குப் பொரிகடலையும் வெல்லமும் கிடைத்தன. நைனாவை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு அத்தைக்குத்தான் முதலில் பிடிக்கவில்லை. தவறிப்போய்க் காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வழக்கம் நமக்கு. இங்கே ஒரு பெண் தினம் தினம் எழுத்தின்மேல் காலை வைத்துக் குதிக்கிறாள்.

"எழுத்துன்னா சரஸ்வதி இல்லியா? பொட்டப்புள்ள மிதிச்சிகினு ஆடறா, நீ பாத்துகினு கீறியே," என்று அம்மாவிடம் சொன்னாள்.

"கோலத்தையும்தான் காலால மிதிக்கிறோம்ங்க, அம்மா. அதனால லட்சுமி கோவிச்சுக்கிறாங்களா?" என்று டீச்சரம்மா சிரித்தபடி கேட்டார். அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். பதில் வராத பேச்சை எந்தத் தெருவும் மன்னிப்பதில்லை. அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். பூக்காவடியும் பம்பையும், குளத்தங்கரை முழுக்க மொட்டைத் தலைகளும். கூட்டம் கலைந்த வாரத்தில் தெருவில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. அக்காவுக்கும் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று அழுதாள். அம்மா வேப்பிலை செருகினாள், மிளகுக் கஷாயம் கொடுத்தாள். காய்ச்சல் விட்ட காலையில் அக்கா பாயை விட்டு எழுந்தாள், அப்படியே விழுந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். திரும்ப எழுந்தாள், திரும்ப விழுந்தாள். வலது கால் அவளோடு வரவில்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. அதுதான் அவள் பாண்டியில் ஊன்றித் தத்துகிற கால்.

இப்போது நமக்கு அதன் பெயர் தெரியும். பிள்ளைகள் வாயில் சொட்டு மருந்து விட்டு அதை விரட்டியதையும் பார்த்துவிட்டோம். அன்று வந்த டாக்டருக்கும் ஓரளவு தெரிந்தே இருந்தது. "இது ஒரு விதமான வாதக் காய்ச்சல். பட்டணத்துல பாத்திருக்கேன். இதுக்கு மருந்து கிடையாது. விளையாடினதுக்கும் இதுக்கும் சம்பந்தமும் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். கடைசியில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மிதித்த கால் அது, போனதும் அதே கால். தெருவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதே காய்ச்சலில் பக்கத்துத் தெருவில் ஒரு கைக்குழந்தைக்கும் கால் போயிற்று. அந்தக் குழந்தை எந்த எழுத்தை மிதித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா முற்றம் முழுக்கச் சாணி கரைத்துத் தெளித்தாள். ஓட்டுச்சில்லைக் கிணற்றில் போட்டாள். மணவூரிலிருந்து மாமா வந்து பின்கட்டு வாசலில் நின்று, டீச்சரம்மாவைச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பச் சொன்னார். அவர் அட்டைகளையெல்லாம் அடுக்கிக் கட்டினார். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு நைனாவிடம் வந்தார். டீச்சரம்மாவின் கண் வீங்கியிருந்தது.

"நான் போயிடறேன்ங்க. ஆனா பாப்பா படிக்கிறதை மட்டும் நிறுத்திடாதீங்க. கால் போன குழந்தைக்கு இனிமே அதுதாங்க கால். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சரம்மா எங்கே போனார், கணவர் பட்டாளத்திலிருந்து திரும்பினாரா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. நான் பெரியவளான பிறகு எத்தனையோ இடத்தில் விசாரித்தும் துப்பு கிடைக்கவில்லை.

நைனாவைப் பற்றி நான் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்காக ராத்திரி பகலாக அழுத மனிதர். ஆனால் தொழில் அவர் மூளையில் ஏறியிருந்தது. ஒரு மத்தியானம் அம்மாவிடம் சொன்னார்:

"காரியம் ஆனா கண்ணு வாங்கிப் போடறேன், காலு வாங்கிப் போடறேன்னு வேண்டிக்கினு போறான். ஆனப்புறம் எத்தினி பேரு கடைப் பக்கம் வரான்றே? சாமிக்கு அது தெரியாதா? அதான் இந்தத் தபா நான் மொதல்லயே குடுத்துடப் போறேன். அப்புறம் அவரால தட்ட முடியாது."

"இன்னா குடுக்கப் போறீங்க?"

"எந்த எழுத்தை மிதிச்சாளோ அதையே. அவ படிப்ப."

"காலு வந்தா போதும். படிச்சு இன்னா ஆவப்போது," என்றாள் அம்மா.

நைனா அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார். நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். படி சுட்டது. சந்நிதியில் விபூதியும் சந்தனமும் எண்ணெய்ப் புகையும் கலந்த வாசனை. குருக்கள் தட்டை நீட்டியபோது நைனா அக்காவைக் கீழே இறக்கி, இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். "நீயே சொல்லும்மா," என்றார். அக்கா கைகூப்பிக்கொண்டு, "இனிமே எழுத்தைப் பாக்க மாட்டேன், படிக்க மாட்டேன். என் காலைக் குடுத்துடு சாமி," என்று கணீரென்று சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அதை நம்பினாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. படிக்கத் தெரிந்தவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் இருக்க உங்களால் முடியுமா? கண் தானாகப் படித்துவிடும். அவளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. வேர்க்கடலை மடித்த காகிதம், தீப்பெட்டி, எண்ணெய் டின், தெருவில் போகிற வண்டியின் பலகை என்று எல்லாம் அவள் கண்ணில் வந்து விழுந்தன. விழுந்ததும் உதடு அசையும். அசைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

"இன்னிக்கும் படிச்சிட்டேன்டி. அதான் காலு வரல."

நைனா டின்களின் தாளைச் சுரண்டினார். காலண்டரைக் கழற்றி மாமா வீட்டுக்கு அனுப்பினார். சாமி படத்துக்கு அடியில் அச்சடித்திருந்த பெயரைக்கூடச் சந்தனம் பூசி மறைத்தார். எங்கள் வீட்டில் ஓர் எழுத்து மிச்சமில்லை. ஆனாலும் அக்கா புகையேறிய சுவரில் விரிசலைப் பார்த்து, "அது ட மாதிரி கீது," என்று நடுங்குவாள்.

ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பாயின் அடியிலிருந்து ஒரு கிழிந்த காகிதத்தை எடுத்து, தான் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"உனக்கு இதைப் பாத்தா இன்னாடி தெரியுது?"

"கோடு," என்றேன்.

"வெறும் கோடா?"

"ஆங். வளைஞ்சி வளைஞ்சி கோடு."

"எப்பிடிடி உனக்கு மட்டும் தெரியாம கீது? எனக்கும் சொல்லிக் குடுடி."

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? ஆனால் அவளே ஓர் ஆட்டம் கண்டுபிடித்தாள். காகிதத்தைத் தலைகீழாகப் பிடிப்பாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓர் எழுத்தைக் காட்டி, "இது இன்னா?" என்று கேட்பாள். நான் நத்தை என்பேன், கொக்கி என்பேன், மாட்டு வால் என்பேன். அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். நத்தை, நத்தை, நத்தை. பிறகு காகிதத்தை நேராகத் திருப்பி, வாயிலிருந்து நத்தை வருகிறதா எழுத்து வருகிறதா என்று பார்ப்பாள். நத்தை வந்தால் அவளுக்கு ஒரு வெற்றி. எழுத்து வந்தால் முதலிலிருந்து. அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் இதைத்தான் விளையாடினோம். டீச்சரம்மா கற்றுக்கொடுத்ததை எவ்வளவு உற்சாகமாக ஆடினாளோ, அவ்வளவு உற்சாகமாக இதையும் ஆடினாள். நானும் கைதட்டினேன்.

கால் வரவில்லை. சண்டை முடிந்தது, பட்டணத்துக்காரர்கள் எப்போதோ திரும்பிப் போய்விட்டார்கள், கால் வரவே இல்லை. வேண்டுதலை விட்டுவிடலாமே என்று மாமாவே ஒருமுறை கேட்டார். "குடுத்ததைத் திருப்பிக் கேட்டா இன்னொரு காலையும் எடுத்துப்பாரு," என்றார் நைனா. என்னை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்கிற, விளையாட்டு வாசனையே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு. என் புத்தகங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. மாட்டுக்கொட்டகையில் ஒரு கூடையில் இருந்தன.

எனக்குக் கல்யாணமாகி, நான் வேலூருக்குப் போய், பிள்ளைகள் பெற்றேன். அக்காவைக் கேட்டு யாரும் வரவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு வீட்டையும் கடையையும் அவளே பார்த்தாள். அம்மா போனாள். நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனும் சரியாக வராமல் பார்வை போயிற்று. பேப்பர் படிக்காமல் இருக்க முடியாத மனிதர் அவர், வீட்டில் எழுத்தே இல்லாத காலத்திலும் கடையில் ஒளித்து வைத்துப் படித்தவர். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில் பேப்பர் வந்தது. நான் படிக்கக் கையை நீட்டினேன்.

"நீ வேணாம். பெரியவ படிக்கட்டும்," என்றார் நைனா. பிறகு அக்காவின் சத்தம் வந்த திசைக்குத் திரும்பி, "சாமிகிட்ட சொல்லிட்டேம்மா. பாவம் எதுனா இருந்தா என் தலையில போவட்டும். நான் கட்டினத நானே அவுத்துட்டேன். படி கண்ணு," என்றார்.

அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை மடியில் விரித்தாள். கண்ணை மூடவில்லை. விரலை முதல் எழுத்தில் வைத்தாள். உதடு அசைந்தது. விரல் அடுத்ததற்குப் போனது, நின்றது, முதலுக்கே திரும்பி வந்தது. சொல்லிக்கொடுக்க வாயெடுத்த நான் நிறுத்திக்கொண்டேன். நைனா ஒரு காதைச் சாய்த்துக் காத்திருந்தார். அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள்.

"கோடாத்தான் தெரியுது நைனா," என்றாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நீங்க வேண்டிக்கினதுல ஒன்னு நடந்துடுச்சு. காலுதான் வரல."

பேப்பரை ஒழுங்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போனாள். நைனா அவள் கோல் சத்தம் போன திசைக்கே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். "இன்னா போட்டுக்கீது?" என்று பிறகுதான் என்னைக் கேட்டார். நான் முதல் வரியிலிருந்து படித்தேன்.